தவளைக் கருவும் கருவுற்ற தாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த தவளைக் கரு பற்றிய கட்டுரையை வகுப்பிலேயே வாசிக்கச் சொன்னேன். மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவள் நான். ‘நரம்பு வளரக் கட்டளையிடும் மரபணுக்கள்’ என்று அதில் இருந்ததைப் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். விஷயத்தில் பாதிதான் அது. வேறொரு கட்டளையைத் தடுப்பது மறுபாதி.

கருவின் மேற்புறச் செல்களுக்கு ‘தோலாகு’ என்ற சேதியை பிஎம்பி என்ற புரதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. முதுகுப் பக்கத்தில் மட்டும் நாகின், கார்டின் என்ற புரதங்கள் சுரந்து அந்த பிஎம்பியைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. சேதி எட்டாத செல்கள்தான் நரம்புத் திசுவாகின்றன. தவளைக்கு உறவான, வாலுள்ள நியூட் என்ற உயிரியின் கருவில் முதுகுப் பக்கத் துணுக்கை எடுத்து இன்னொரு கருவில் ஒட்டவைத்து, அங்கே இரண்டாவது நரம்புக் குழாயையே (மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய்) வரவழைத்துக் காட்டிய ஜெர்மன் விஞ்ஞானிகள் ஸ்பீமான்–ஹில்டே மாங்கோல்ட் ஆய்வு 1924-இல் வெளியானது. அந்தத் துணுக்கின் சூட்சுமம் விளங்க 1990-கள் வரை ஆனது. நாகினை ஆப்பிரிக்க நகத்தவளையில் 1992-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஹில்டே அதே 1924-இல் தீ விபத்தில் இறந்துபோனார். கட்டுரையில் அவர் பெயரே இல்லாதது எனக்கு வருத்தம்.

செல் பெருக்கமும் இப்படித்தான். நரம்பு செல்லாக முதிர வேண்டியது முதலில் பிரிவதை நிறுத்தியாக வேண்டும். நகத்தவளையில் பிரிவுக்குத் தடை போடும் ஒரு புரதமே நரம்பாக முதிரவும் துணைநிற்கிறது. அதைக் குறைத்தால் நரம்பு செல்களும் குறைகின்றன.

தேவிபட்டினம் பக்கம் ஐப்பசி மழையில் ஊரணி நிறைந்ததும் தேரை முட்டையிடும். புல்லில் சுற்றிய ஜவ்வுச் சரத்துக்குள் வரிசையாகக் கறுப்பு முட்டைகள். ஓரிரு நாளில் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகில் இரண்டு மேடு எழும்பி, நடுப்பள்ளத்தை மூடி நரம்புக் குழாயாகிக்கொண்டு வருவது தெரியும். முட்டையை எடுத்துவர வேண்டாம், கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மனிதக் கருவிலும் இதே குழாய்தான். கருத்தரித்த 28-ஆம் நாள் வாக்கில் மூடிவிடுகிறது. சரியாக மூடாவிட்டால் குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை வரலாம். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் ஃபோலிக் அமில மாத்திரை. எங்கள் கடற்கரை ஊர்களில் நாள் தள்ளி இரண்டு மாதம் கழித்து மாத்திரை வாங்கப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். குழாய் மூடும் நாள் அதற்குள் கடந்துவிடும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டு மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பதை அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

– விலங்கியல் ஆசிரியை,
இராமநாதபுரம் மாவட்டம்.