மலைப்பாதையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும்: கொடைக்கானல் சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைச்சாலை, சுற்றுலா, உள்ளாட்சி என்று கொடைக்கானல் பாதைக்கு ஏதோ ஒரு வகையில் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். தண்ணீர் வர வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும், இருட்டிய பிறகும் திறந்திருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தை நாங்கள் ஜாடைமாடையாகப் பேசியே பழகிவிட்டோம். அதனால்தான் இத்தனை வருடமாக இது யார் காதிலும் விழவில்லை என்று நினைக்கிறேன்.

நான் சின்னமனூர் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தின்பதற்கும் ஆகும், சாறு பிழியவும் ஆகும், வைனுக்கும் ஆகும். பந்தலுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு லீவு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பழம் வெட்டி முடித்து, அடுத்த கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு முன்னால் கொடியைக் கொஞ்ச நாள் சும்மா விடுவோம். நானும் என் கணவரும் எங்கேயாவது போய்வர வேண்டுமானால் அந்த இடைவெளியில்தான் முடியும். இந்த முறை அது மே மாதத்தில் அமைந்தது. பிள்ளைகள் வெளியூரில். பக்கத்தில் இருக்கிற கொடைக்கானலுக்குப் போய், ஏரியைச் சுற்றி நடந்து, ஓரிரு நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போனோம். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வண்டிதான் ஏற வேண்டும்.

பெரியகுளம், தேவதானப்பட்டி தாண்டி காட்ரோட்டில் திரும்பி ஏறினோம். டம்டம் பாறையில் நிறுத்தி, எதிரே எலிவால் அருவி கோடு மாதிரி இறங்குவதைப் பார்த்தோம். என் கணவர் டீ வாங்கிக்கொடுத்தார். நான் பாதி குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் யாரும் கேட்கவில்லை, அவர்களும் பாதிதான் குடித்தார்கள்.

ஊத்து என்ற இடத்தைத் தாண்டியபின் வண்டிகள் நின்றுவிட்டன. வார இறுதி. பெருமாள்மலை வரைக்கும் அப்படியே நிற்கிறது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கி, ரோட்டோரம் முதுகைக் காட்டி நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நான் ஐம்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளை பெற்றவள். இந்த வயதில் அடக்குவது என்பது எவ்வளவு நேரம் முடியும் என்று உங்கள் வீட்டில் இருக்கும் அம்மாவையோ அக்காவையோ கேட்டால் சொல்வார்கள். பொறுக்க முடியாமல் இறங்கி நடந்தேன். ஒரு கழிப்பறை கண்ணில் பட்டது. பூட்டு தொங்கியது. சாவி வைத்திருப்பவர் கீழே போயிருக்கிறாராம். இன்னும் மேலே ஏறிப் போனால் இன்னொன்று. அங்கே காசு வாங்க ஆள் இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை, கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. நான் உள்ளே போக, அறிமுகமே இல்லாத ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டது. அப்புறம் அந்தப் பிள்ளைக்காக நான் பிடித்துக்கொண்டேன்.

என் கஷ்டத்தோடு போயிருந்தால் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். காருக்குத் திரும்பி வந்தபோது எங்களுக்குப் பின்னால் நின்ற வேனில் ஒரு கர்ப்பிணிப் பெண் அழுதுகொண்டிருந்தாள். ஏழாம் மாதம் என்றார் மாமியார். அவ்வளவு தூரம் ஏறி அந்தக் கழிப்பறைக்கு வர அவளால் முடியாது. வந்தாலும் அந்த வழுக்கும் தரையில் அவளை எப்படி விடுவது? எங்கள் காரில் இருந்த போர்வையை எடுத்துக்கொண்டு, நானும் அவள் நாத்தனாரும் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சாலை ஓரத்து வாய்க்கால் பக்கம் மறைத்து நின்றோம். இருட்டத் தொடங்கிவிட்டது. வளைவில் இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் எங்கள் மேல் அடித்தது. அந்த மலையில் காட்டுமாடு நடமாடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. "அத்தை, கையைக் கொடுங்க" என்றாள், மாமியாரிடம்கூட இல்லை, என்னிடம். தூக்கி விட்டேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "இனிமே எங்கயுமே வரமாட்டேன்" என்று சொல்லி அழுதாள்.

என் கணவர் அவ்வளவு நேரமும் வளைவில் நின்று பைக்குகளைக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். காரில் ஏறிய பிறகு ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "இத்தன வருசமா பஸ்ல, கார்ல உன்னோட வர்றேன். நீ வழியில எங்கயுமே இறங்கிப் போனதில்லைன்னு இன்னைக்குத்தான் தோணுது." நான் பதில் சொல்லவில்லை. ஊர் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடிக்காமல் வருவது எங்களுக்கெல்லாம் பயணத்தின் ஒரு பகுதி. அம்மா சொல்லிக்கொடுத்தது, நான் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

நாங்களாவது எப்போதோ ஒரு முறை போய் வருகிறவர்கள். சாலையோரம் பிளம்ஸும் பட்டர் ஃப்ரூட்டும் கூடையில் வைத்து விற்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவரிடம் அன்றைக்குக் கேட்டேன். "காலையில ஒரு டம்ளர் காப்பியோட சரிக்கா. பொழுது சாஞ்சு வீட்டுக்குப் போய்த்தான் தண்ணி" என்றார். நீர்க்கடுப்பு அடிக்கடி வருமாம். மாத்திரை கையிலேயே வைத்திருக்கிறார். தண்ணீர் குடிக்காமல், வருகிற சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருந்தால் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் என்பதை எந்த அரசு மருத்துவமனையில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பெண் பழம் விற்பது உங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு. அவர் உடம்பைக் கெடுத்துக்கொண்டு அதைச் செய்கிறார்.

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலையில் தடை செய்தீர்கள். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்குப் பதிலாகக் குடிநீர் இயந்திரங்கள் வைத்தீர்கள். அதுவும் நல்லது. ஆனால் தண்ணீர் குடிக்க வழி செய்தவர்கள், குடித்தவர் போக ஓர் இடத்தையும் யோசித்திருக்க வேண்டாமா?

எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. இ-பாஸ் எடுக்கும்போது எந்த வண்டி, எத்தனை பேர், எந்த நாள் என்று எல்லாவற்றையும் எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அரசுப் பேருந்து அந்தக் கணக்கில் வராது. அதை விட்டுவிட்டு, வண்டிக்கு நான்கு பேர் என்று போட்டாலும் வார இறுதியில் ஒரு நாளைக்கு 24,000 பேர் ஆகிறது. பாதி பெண்கள் என்றால் 12,000 பேர். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகரத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 36,500-தான். ஒரு சின்ன ஊரே தினமும் இந்தச் சாலையில் ஏறி இறங்குகிறது. அந்த ஊருக்குக் கழிப்பறை எங்கே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையோரத்தில் கழித்ததெல்லாம் மலையிலேயே தங்கிவிடுவதில்லை. எலிவால் அருவியாக விழுகிற தண்ணீர்தான் மஞ்சளாறு, அதுதான் தேவதானப்பட்டி அணைக்கு வருகிறது. கும்பக்கரையில் நாங்கள் குளிக்கிற தண்ணீரும் இந்தப் பழனி மலையிலிருந்து இறங்குவதுதான். மழை பெய்தால் சாலையோரத்தில் கிடப்பதெல்லாம் ஓடைக்குப் போகிறது, ஓடை எங்கள் பக்கம் வருகிறது. மேலே கழிப்பறை கட்டினால் கீழே இருக்கிறவர்களுக்கும் அது காவல்.

கொடைக்கானலைப் பற்றிக் குறையாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் காலை ஏரியைச் சுற்றி நடந்தபோது முந்தின நாளின் அலுப்பு பாதி போய்விட்டது. பனி தண்ணீரை ஒட்டியே நகர்ந்தது. என் கணவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சின்னப் பையன் மாதிரி நடந்தார். மதுரை ஆட்சியராக இருந்த சர் வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையைத் தடுத்து உண்டாக்கிய ஏரி இது. அதற்குப் பிறகு வந்த நிர்வாகங்கள் இந்த ஊருக்குப் பூங்கா வைத்தன, மலர்க் கண்காட்சி நடத்துகின்றன, விளக்கு அலங்காரம் செய்கின்றன. ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்து அதன் முன் படம் எடுத்துக்கொள்ளவும் இடம் செய்கிறார்கள். எங்கே பார்த்தாலும் கட்டணம், எங்கே பார்த்தாலும் ரசீது. கண்ணுக்குத் தெரிகிற செலவுக்குக் கிடைக்கிற பணம், பெண்கள் உடம்புக்கு வேண்டிய செலவு என்று வரும்போது மட்டும் ஏன் கிடைப்பதில்லை? சீசன் தொடங்கும்முன் நடக்கிற ஆலோசனைக் கூட்டங்களில் போக்குவரத்தைப் பேசுகிறார்கள், வாகன நிறுத்தத்தைப் பேசுகிறார்கள். அந்த மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களில் ஒருவராவது, நெரிசலில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்ட பெண் என்ன செய்வாள் என்று கேட்டிருந்தால், அந்தக் கர்ப்பிணிப் பெண் என் தோளில் அழுதிருக்க வேண்டியதில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: மலைப்பாதையில் பெண்களுக்குக் கழிப்பறை.

டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி ஆகிய இடங்களில் வண்டிகள் எப்படியும் நிற்கின்றன. பழனியிலிருந்து ஏறி வருகிற சாலையிலும் இதே தேவை உண்டு. புதிதாகக் கட்ட நிலம் கிடைக்காது, வனத்துறை அனுமதி வேண்டும் என்றெல்லாம் சொல்வீர்கள். சரி, அதற்குக் காலம் ஆகும், புரிகிறது. முதலில், இருக்கிறவற்றின் பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளும் விளக்கும் போட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். சீசன் மாதங்களில் நடமாடும் கழிப்பறை வண்டிகளை நிறுத்துங்கள். மதுரை சித்திரைத் திருவிழாவுக்கும் பழனி தைப்பூசத்துக்கும் தற்காலிகக் கழிப்பறை வைக்கிற அரசுக்கு இது புது வேலை இல்லை. பராமரிப்பை மலைக் கிராமங்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுங்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் என்றாலும் கொடுத்துவிட்டுப் போகிறோம். பழம் விற்கும் பெண்களிடம் மட்டும் வாங்க வேண்டாம்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்களில் இரண்டு பேரையாவது ஒரு சனிக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து சாதாரணப் பேருந்தில் மேலே அனுப்பி, என்ன பார்த்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், எந்த இடத்தில், எந்த மாதத்துக்குள் கழிப்பறை வரும் என்று ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். இ-பாஸ் சீட்டிலேயே, வழியில் கழிப்பறை இருக்கும் இடங்களை அச்சிட்டுக் கொடுத்தால், டம்டம் பாறையில் டீயை முழுதாகக் குடிக்கலாமா என்று எங்களுக்கும் தெரியும். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
சின்னமனூரிலிருந்து ஒரு திராட்சை விவசாயி