பிரின்ட் போடக் கொடுக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "போனில் பளிச்சென்று இருந்த படம், பிரின்டில் ஏன் இப்படி மங்கிக் கிடக்கிறது?" என்று கவுன்டரில் அடிக்கடி கேட்கிறீர்கள். பழி பெரும்பாலும் தாளின் மேல் விழுகிறது. சில நேரம் தாளும் குற்றவாளிதான். ஆனால் படம் எங்கள் கைக்கு வரும் முன்பே கெட்டுப்போயிருப்பதும் உண்டு.

கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 4×6 என்றால் 1200×1800, 8×12 என்றால் 2400×3600. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு 150 கூடப் போதும். இன்றைய போன் கேமராவில் இதற்குப் பஞ்சமில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போதுதான் 4000 பிக்சல் நீளமுள்ள படம் 1600 அளவுக்குச் சுருங்கி வருகிறது. 4×6 வரை ஒப்பேற்றிவிடலாம். அதையே 12×18 ஆக்கினால் இமைமுடியும் சேலைச் சரிகையும் மெழுகு பூசினாற்போல் வழுவழுவென்று ஆகிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையேல் பென் டிரைவில் கொண்டு வாருங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டவே வேண்டாம்.

போன் படத்தின் நீள அகல விகிதம் பொதுவாக 4:3, 4×6 தாளுக்கோ அது 3:2. தாளை நிரப்ப வேண்டுமென்றால் எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். 4000×3000 படத்தில் உயரத்தில் மட்டும் 333 பிக்சல் போய்விடும். குரூப் போட்டோவில் அது பின்வரிசைக்காரரின் உச்சந்தலையாகவோ முன்வரிசைக்காரரின் பாதமாகவோ இருக்கும். வெட்டக்கூடாது என்றால் 6×8 கேளுங்கள், அல்லது ஓரத்தில் வெள்ளை விட்டுப் போடச் சொல்லுங்கள்.

இனி தாள். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதில் விழும் மைத்துளி, துணியில் சிந்திய காபி மாதிரி நாரோடு ஓடிப் பரவும். ஓரம் கூர்மை இழக்கும், கறுப்பு சாம்பலாகும். இங்க்ஜெட் போட்டோ தாளில் மையை மேலேயே பிடித்து நிறுத்தும் பூச்சு இருக்கிறது. 'ஆர்.சி' (ரெசின் பூசிய தாள்) வகையில் தாளின் இருபுறமும் மெல்லிய பாலித்தீன் படலமும் உண்டு. பருத்தித் தாளில் இந்தப் படலம் இல்லை. அமிலமும், மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளும் இல்லாததால் தாள் எளிதில் பழுப்பதில்லை. நெடுநாள் நிற்க வேண்டிய படத்துக்கு எங்கள் சிபாரிசு, பருத்தித் தாளும் பிக்மென்ட் மையும் (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை). டை மை (சாயம் கரைந்த மை) கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் சீக்கிரம் வெளுக்கும்.

கனமான தாள் எல்லாம் நல்ல தாள் இல்லை. தூய வெள்ளைத் தாளும் அப்படியே. ரூபாய் நோட்டு சரிபார்க்கும் புறஊதா விளக்கை அதன் மேல் காட்டிப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்திருக்கிறார்கள். வருடங்கள் போகப்போக அதன் சக்தி குறையும், தாளின் மஞ்சள் சாயல் வெளியே தெரியும். கிளாஸி எனும் பளபளப்புத் தாளில் கறுப்பு ஆழமாக விழும், விரல் ரேகையும் அப்படியே விழும். பலர் தொட்டுப் பார்க்கும் ஆல்பத்துக்கு, மிதமான பளபளப்புள்ள லஸ்டர் தாள்தான் சரி.

திரை தானே ஒளி விடுகிறது, தாள் தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். அதனால் போனின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அதிலும் முகம் இருட்டாகத் தெரிந்தால் பிரின்டிலும் இருட்டுதான். பெரிய அளவு போடும் முன் ஒரு சிறு துண்டு சோதனைப் பிரின்ட் கேட்டு வாங்குவது நல்லது.

இங்க்ஜெட் பிரின்டை வாங்கிய கையோடு ஃபிரேமுக்குள் அடைக்காதீர்கள். ஒரு நாளாவது ஆறட்டும். மையிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியின் உட்புறம் பனி மாதிரிப் படியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை (ஜன்னல் போல் நடுவில் வெட்டிய அட்டை) வையுங்கள், ஈரப்பதத்தில் கிளாஸி தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பசைப் பக்கம் உள்ள ஆல்பமும் பிவிசி உறையும் படத்துக்கு எதிரி, பாலிப்ரொப்பிலீன் உறை போதும். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும்.

பழைய படம் ஏற்கனவே கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்க முயல வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கொண்டு வாருங்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து தருகிறோம்.

அன்புடன்,
பிரின்ட் பிரிவினர்