பியூரெட் காலியான மதியம்

அறிவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பில் பிப்பெட்டைத் தொடும் முன்பே விடை தெரியும். சீனியர் ரெக்கார்டில் இருக்கிறதே. ஒருமுறை கரைசலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தேன். பாதி வகுப்பு பழைய ரீடிங்கையே எழுதி வந்தது. திட்டி என்ன பயன்? அதற்குத்தானே மார்க் போடுகிறோம்.

கடந்த பிப்ரவரியில், முத்துப்பேட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி வீட்டு அடிபம்புத் தண்ணீரோடு வந்தாள். "சார், சோறே கரிக்குது. எவ்வளவு உப்புன்னு பார்க்கலாமா?"

20 மி.லி. தண்ணீர், சில சொட்டு பொட்டாசியம் குரோமேட், சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட்டில் 0.02 நார்மல் செறிவில் சில்வர் நைட்ரேட். வெள்ளையாகத் திரண்டுகொண்டே போனது. உப்பிலுள்ள குளோரைடு தீர்ந்ததும் வர வேண்டிய செங்கல் நிறம் வரவே இல்லை. 50 மி.லி. பியூரெட் காலி. சில்வர் நைட்ரேட் விற்கிற விலையில் ஆய்வக உதவியாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கணக்குப்படி லிட்டருக்கு 1,700 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கும் குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 1,000தான். "பத்து மடங்கு நீர்த்துட்டுப் பார்க்கலாமா சார்?" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

உப்பு கடலிலிருந்தா, இறால் குட்டையிலிருந்தா? குட்டையிலிருந்து தள்ளித் தள்ளி ஆறு பம்புகளைக் குறித்து வைத்திருக்கிறாள். உங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

செய்முறைப் பட்டியலில் மூன்று பரிசோதனைகளைக் குறைத்து, அந்த நேரத்தை மாணவர் கொண்டுவரும் கேள்விக்குக் கொடுங்கள். நாலு பக்கம் எழுதட்டும். வேறு கல்லூரி ஆசிரியர் இருவர் படித்துக் குறை சொல்லட்டும். சரியாக வராத சோதனையையும் சேர்த்துத் துறையே ஆண்டுக்கொரு இதழாகப் போடட்டும். 'கட்டுரை வந்தால் இத்தனை மார்க்' என்று மட்டும் விதி போட்டுவிடாதீர்கள். பணம் கட்டினால் மூன்றாம் நாள் அச்சேற்றும் இதழ்களுக்குத்தான் கொண்டாட்டம்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகக் கோணம் அளக்கும்போது கண்ணில் பட்ட ஒளிப்பட்டைகளை விடாமல் தொடர்ந்துபோய், 1906இல், மாணவராக இருக்கும்போதே முதல் கட்டுரையை வெளியிட்டார். அதே சோதனையை நம் பிள்ளைகளும் செய்கிறார்கள். பட்டை தெரிந்தால் நின்று பார்க்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 12 மேட்டூர் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்தபின் அந்த ஆறு பம்புகளையும் மறுபடி பார்க்க வேண்டுமாம் அவளுக்கு. அப்போது இந்தச் செய்முறைப் பாடம் முடிந்திருக்கும். அவளை ஆய்வகத்துக்குள் விட எந்த விதியின் கீழ் அனுமதி கேட்பது என்றாவது எழுதுங்கள்.