செயலாளரின் ஆண்டறிக்கை: எத்தனை அங்குலம், எந்தப் பகுதி?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது நீண்டகால நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் கடந்த ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். மாதந்தோறும் வாசிகசாலையில் கூடினோம். மார்கழிக் கூட்டம் மட்டும் வெள்ளத்தால் நடைபெறவில்லை. நீரிழிவு, சிறுநீரக நோயாளருக்கான வேலைகள் வழமைபோல் நடந்தன. செலவு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

அறிக்கையின் மீதிப் பகுதியை நம்மில் மிகச் சிலருக்கே உள்ள குறோன்ஸ் நோய்க்கு, அதாவது குடல் அழன்று புண்ணாகி ஒடுங்கும் நீண்டகால நோய்க்கு, ஒதுக்குகிறேன். 2010இல் வெளியான ஓர் ஆய்வு கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. அரிதாக இருப்பதாலேயே, வந்தவர் தனித்துப்போகிறார்.

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வரும் தம்பி ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிறுகுடலின் கடைசிப் பகுதி வெட்டி எடுக்கப்பட்டது. வலி நின்றது, உடம்பு தேறியது, வயலுக்குப் போனார். நோய் போய்விட்டது என்று நம்பிக் கிளினிக்கை விட்டுவிட்டார். இவ்வாண்டு பாதம் விறைத்து, வயிறு ஊதி, வாந்தியுடன் வைத்தியசாலைக்குப் போனார். எவ்வளவு குடல் எடுத்தார்கள் என்று வைத்தியர் கேட்டபோது பதில் சொல்ல யாருமில்லை. நோய் நிர்ணய அட்டை வெள்ளத்தோடு போய்விட்டிருந்தது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை ஆவணிக் கூட்டத்துக்கு வந்த சத்திரசிகிச்சை நிபுணர் விளக்கினார். நரம்புக்கும் இரத்தத்துக்கும் தேவையான, குறைந்தால் பாதம் விறைக்கச் செய்யும் விற்றமின் பி12ஐ உடல் உறிஞ்சுவது சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதியில்தான். அதில் ஏறக்குறைய இரண்டடிக்கு மேல் போய்விட்டால் ஆயுள் முழுவதும் ஊசி தேவைப்படும். பித்த உப்பு அங்கே உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் இறங்குவதால் ஓயாத வயிற்றோட்டம் வரலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, நோய் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. சிறுநீரகக் கல்லும் கூடும். சிறுநீரக நோய் இத்தனை வீடுகளில் இருக்கும் வன்னியில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். சத்திரசிகிச்சை இந்நோயை வேரோடு பிடுங்குவதில்லை. பிறகு மருந்து எடுக்காதவர்களில் பெரும்பாலானோருக்கு, இணைத்த இடத்துக்குச் சற்று மேலே புதிய புண் வந்திருப்பதை, குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கமரா ஓராண்டுக்குள் காட்டும். வலியோ வயிற்றோட்டமோ அப்போது இருக்காது, அதுதான் ஆபத்து. ஆகவே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் கமராப் பரிசோதனை செய்ய வேண்டும். பீடி, சுருட்டு, சிகரெட் பிடிப்பவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அன்று கூட்டத்தில் இருந்த ஓர் ஐயா சட்டைப் பையிலிருந்த சுருட்டை எடுத்து மேசையில் வைத்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இதைக் கேட்டு, அப்படியானால் கத்தியே வேண்டாம் என்று முடிவு செய்வதும் தவறு. 2009 போரில் வயிற்றில் செல் துண்டு பட்டவர்களுக்கு அவசரத்தில் நடந்த சத்திரசிகிச்சைகளைக் கண்ணால் கண்டவர்கள் நாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஆயத்தத்தோடு நேரகாலத்துக்குச் செய்யும் சத்திரசிகிச்சை வேறு. நெதர்லாந்திலும் பிரித்தானியாவிலும் 143 நோயாளரிடம் நடந்த ஆய்வொன்றில், சிறுகுடலின் கடைசியில் குறுகிய தூரத்துக்கு மட்டும் நோய் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அதை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு குடல் அழற்சியை அடக்கும், விலை கூடிய இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டார்கள். ஓராண்டில் இரு பகுதியினரின் வாழ்க்கைத்தரமும் ஒத்திருந்தது. ஐந்து ஆண்டுகள் கடந்து பார்த்தபோது வெட்டியவர்களில் யாருக்கும் இரண்டாம் வெட்டு தேவைப்பட்டிருக்கவில்லை; ஊசி போட்டவர்களில் 48 சதவீதத்தினருக்குக் குடலை வெட்ட வேண்டி வந்திருந்தது. எல்லா நோயாளருக்கும் இது பொருந்தாது. குடலில் புரையோடிய துளையும் சீழும் குடல் அடைப்பும் உள்ளவர்களின் கதை வேறு.

குடலை வெட்டாமல் ஒடுங்கிய இடத்தை விரித்துத் தைக்கும் முறையும் உண்டு. 1977இல் சண்டிகாரில் குடற்காச நோயாளருக்கு அதைச் செய்தவர்கள் எழுதினார்கள். பிறகுதான் அது குறோன்ஸ் நோயாளருக்கு வந்தது. நம் தம்பிக்கு இம்முறை அதையே செய்தார்கள், இருக்கும் குடலைக் காப்பாற்றுவதற்காக. முன்கூட்டிச் சில வாரங்கள் பால்மாவும் கஞ்சியும் கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள். மெலிந்த உடம்பிலும் ஸ்டீரொயிட் மாத்திரை அதிகம் எடுக்கும் உடம்பிலும் தையல் பிரிவதும் கிருமி பிடிப்பதும் அதிகம். ஆனாலும் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

குடல் ஒடுங்கியவர்கள் பனங்கிழங்கையும் பலாப்பழத்தையும் தும்போடு விழுங்க வேண்டாம். குடலிலிருந்து மலம் வெளியேற வயிற்றில் பை கட்டியிருக்கும் அக்கா சித்திரை வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்து மயங்கினார். உப்பும் சேர்ந்து வெளியேறுவதால் அவருக்குத் தேவை உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனிக் கரைசல். இதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும், குறை சங்கத்துடையது.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை ஒரு வேலையை முதலில் வைத்திருக்கிறது. குடலில் சத்திரசிகிச்சை செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: எந்தப் பகுதி, எவ்வளவு நீளம், எவ்வளவு மீதி, அடுத்த கமரா எப்போது, பி12 ஊசி எப்போது. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சங்கத்தில். தை மாத இரண்டாம் ஞாயிறு காலை 9 மணிக்குக் கூட்டம். அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பிரதி எடுக்கும் செலவைச் சங்கம் ஏற்கும்.

செயலாளர்