சனிக்கிழமை வரும்போது ஒரு சேலை, ஒரு படம்

அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். பழைய சேலையில் குடும்பப் படத்தை நீலமாக அச்சிட்டுத் தையல் போட, இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடுகிறோம். கிழிந்து கிடக்கும் பருத்திச் சேலை ஒன்று கொண்டு வாருங்கள், பாலியெஸ்டர் வேண்டாம், அதில் சாயம் பிடிக்காது. குடும்பப் படத்தின் அசல் வீட்டிலேயே இருக்கட்டும், போனில் நேராக எடுத்து வியாழனுக்குள் அனுப்பினால் நெகட்டிவாக்கிப் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து வைக்கிறேன்.

செய்யப்போவது சயனோடைப், அதாவது வெயிலில் நீலப் படம் எடுக்கும், 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. இரும்பு உப்புக் கரைசலைத் துணியில் தடவி, இருட்டில் காயவைத்து, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால் முகம் நீலமாக எழுந்து வரும். பிறகு சோடா கலந்த சோப்பு மட்டும் போடாதீர்கள், நீலம் வெளுத்துவிடும்.

அப்புறம் அதன்மேல் கைத்தையல். நான் எடுத்திருப்பது, நிறவெறி ஆட்சி டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து எங்கள் குடும்பத்தைக் கிளப்பிவிட்டபோது ஆயா (என் பாட்டி) கட்டிக்கொண்டு வந்த சேலை. முந்தானையில் கிழிசலை வேறு நிற நூலால் அவரே தைத்திருக்கிறார், அந்தத் தையலை நான் பிரிக்கமாட்டேன், படம் அதற்குப் பக்கத்தில்தான் வரும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தவர்கள் முதல், கூலி ஒப்பந்தத்தில் வந்த எல்லோருக்கும் கப்பல் பட்டியலில் ஓர் எண் உண்டு. உங்கள் முன்னோரின் எண் தெரிந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள், பெயரைத் தமிழில் பெரிதாகத் தைத்து, எண்ணைக் கீழே சின்னதாகப் போடலாம்.

வெயில் இல்லாவிட்டால் காலை 8 மணிக்குள் இங்கேயே சொல்கிறேன்.