‘அப்பன் ரத்தம்’ என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உசிலம்பட்டி – ஆரப்பாளையம் வழித்தடத்தில் 27 ஆண்டுகள் நடத்துநராக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்காக, அவனுடைய அப்பத்தாவுடன் பள்ளிக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். பெஞ்சை உடைத்துவிட்டான் என்று கூப்பிட்டிருந்தார்கள். உடைத்தது உண்மை, தப்புதான். ஆனால் ஓர் ஆசிரியர் அந்தக் கிழவியின் முகத்துக்கு நேராகவே, “அப்பன் ரத்தம்தானே ஓடுகிறது, வேறு எப்படி இருப்பான்?” என்றார். தகப்பன் அடிதடி வழக்கில் சிறையில் இருக்கிறான். கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அந்தப் பையனைப் பஸ்ஸில் பார்த்துப் பழகியவன் நான். காலையில் தனியாக ஏறுவான்; பூக்கூடையோடு ஏறும் பெண்களிடம் கூடையை வாங்கி உள்ளே வைப்பான். மாலையில் கூட்டாளிகள் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் அவனே வேறு ஆள். உள்ளே இடம் கிடந்தாலும் படியில்தான் தொங்குவான். ஒருநாள் செக்கானூரணி தாண்டியதும் கால் ரோட்டில் உரசிவிட்டது. விசில் அடித்து வண்டியை நிறுத்தி, அவனை என் சீட்டில் உட்கார வைத்தேன். குதிகால் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். கூட்டாளிகள் இறங்கிப் போன பிறகுதான் அழுதான். “அப்பத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள் ஐயா” என்றான்.

என் மகள் மனநலப் பிரிவில் செவிலியர். சுபாவத்தில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்றுதான் அவளும் சொல்கிறாள். ஆனால் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் ஆய்வாளர்கள் கவனித்து வந்தார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு மந்தமாக வேலை செய்யும் ஆண்பிள்ளைகளில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களே பெரும்பாலும் வன்முறைக்குப் போனதாக 2002இல் எழுதினார்கள். அதே மரபணுவோடு, அடி உதை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் அந்த அளவுக்கு அப்படிப் போகவில்லை.

வம்சத்தைப் பார்த்துக் குற்றவாளி என்று முத்திரை குத்திய, வெள்ளைக்காரன் காலத்துக் கைரேகைச் சட்டத்தை (குற்றப் பரம்பரைச் சட்டம்) எதிர்த்து, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டு மக்கள் செத்தார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டா ஒரு வாத்தியார் ரத்தத்தைப் பற்றிப் பேசுவது?

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். ‘அடங்காதவர்கள்’ ஐந்து பேரையும் கடைசி பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இத்தகைய பிள்ளைகளைத் திருத்துவதற்காகவே ஆய்வாளர்கள் ஒரு குழுவாகச் சேர்த்து வைத்தார்கள். ஒருவனைப் பார்த்து ஒருவன் கெட்டு, புகைப்பழக்கமும் முரட்டுத்தனமும் கூடிப்போனதை 1999இல் அவர்களே ஒப்புக்கொண்டு எழுதினார்கள்.

தலைமை ஆசிரியரிடம் நான் கேட்டது இரண்டுதான். ஐந்து பேரையும் பிரித்து உட்கார வையுங்கள். அந்த ஆசிரியரை, அந்த அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லச் சொல்லுங்கள். “பார்க்கலாம்” என்றார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கருமாத்தூர், மதுரை மாவட்டம்.