சம்பந்தியும் பாஸ்டன் போதகரும்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புத்தான். இங்கே எல்லோரும் நலம். வேணு மாமாவின் வழக்கு அப்படியே கிடக்கிறது, நேரில் பேசுவோம்.

இப்போது எழுத வைத்தது பேத்தி. ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, தட்டம்மைக்கு ஊசி போட வேண்டும். சம்பந்தி குறுக்கே நிற்கிறார். அம்மை ஆத்தா கொடுப்பது, தடுத்தால் பாவம் என்கிறார். நீயாக இருந்தால் 'மூடநம்பிக்கை' என்று ஒரு வார்த்தை வீசிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பாய். என்னால் முடியவில்லை. அந்த மனிதர் குழந்தையை மடியைவிட்டு இறக்குவதே இல்லை.

மதமும் மருத்துவமும் கீரியும் பாம்பும் என்பாயே, 1721இல் பாஸ்டனில் நடந்ததைக் கேள். பெரியம்மை ஊரைச் சூறையாடியது. அம்மைச் சீழைக் கையில் கீறி வைத்தால் நோய் லேசாக வந்து போகும் என்று எடுத்துச் சொன்னவர் காட்டன் மாதர் என்ற போதகர். அவருக்கு அதைச் சொன்னவர் அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஒனேசிமஸ். ஆப்பிரிக்காவில் கீறிய தழும்பைத் தன் கையில் காட்டியிருக்கிறார். பாய்ல்ஸ்டன் என்ற வைத்தியர் துணிந்து, முதலில் தன் ஆறு வயது மகனுக்கே கீறினார். எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் டக்ளஸ், ஊரிலேயே மருத்துவப் பட்டம் பெற்ற ஒரே ஆள்! கீறிக்கொண்டவர்கள் வெளியே நடமாடினால் நோய் பரவும் என்று அவர் சொன்னது நியாயந்தான். ஆனால் 'கொலை செய்யாதே' என்ற கட்டளைக்கே விரோதம், தேவன் அனுப்பியதை மனிதன் தடுப்பதா என்றும் ஊரில் கூச்சல். மாதர் வீட்டுக்குள் வெடிகுண்டே வீசினார்கள், நல்லவேளை, வெடிக்கவில்லை. மருந்தும் தேவன் தந்த கருணைதான் என்பது போதகர்களின் பதில். தானாக நோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் இறந்தார். கீறிக்கொண்டவர்களில் நாற்பது பேருக்கு ஒருவர்.

இதற்கும் முன்னால், 1713இல், அதே மாதர் வீட்டில் தட்டம்மை புகுந்திருக்கிறது. மனைவி, பிறந்து சில நாளே ஆன இரட்டைக் குழந்தைகள், இரண்டு வயது மகள், வேலைக்காரப் பெண் என்று ஐந்து பேர் சில நாட்களுக்குள் போய்விட்டார்கள். தட்டம்மைதான் சிவா, நாம் சாதாரணமாகச் சொல்லும் தட்டம்மை. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

நேற்றுச் சம்பந்தியிடம் இதை மட்டும் சொன்னேன். "இரண்டு வயதா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேத்தியின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். சரி என்று இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை ஊசி. தடுப்பூசி அட்டையை அவர் கையில்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். திட்டாமல் பேசுவதாக இருந்தால் நீயும் செவ்வாய் இரவே வந்துவிடு.

உன்,
ராமு